வெட்டு, கீறல், புண், வடு: காயங்களுக்குத் தமிழ் வைத்திருக்கும் சொற்கள்

அரிவாள்மனையில் காய் நறுக்கும்போது விரலில் பட்டால் ‘அறுத்துக்கிட்டேன்’ என்பார்கள். வரப்பு கழிக்கும்போது மண்வெட்டி தவறினால் ‘காலை வெட்டிடுச்சு’. முள்கம்பி வேலியைத் தாண்டும்போது தொடையில் பட்டால் ‘கிழிச்சிடுச்சு’. ரோஜாச்செடி என்றால் ‘கீறிடுச்சு’, பூனை என்றால் ‘பிராண்டிடுச்சு’. ஐந்திலும் தோல் பிளந்து ரத்தம் வருகிறது. ஆனாலும் இந்த ஐந்தை யாரும் இடம் மாற்றிச் சொல்வதில்லை. அறுப்பதற்குக் கூர்விளிம்பு இழுபட வேண்டும். கரும்புத் தோகையும் புதுத்தாளும் கையை அறுக்குமே தவிர வெட்டாது. வெட்டுவதற்கு விளிம்பு ஓங்கி இறங்க வேண்டும். கிழிவதற்கு ஏதோ ஒன்று தோலைப் பற்றி இழுக்க வேண்டும். கீறுவதற்கு ஒரு முனை மேலாக ஓடினால் போதும். பிராண்டுவதற்கு நகங்கள் வேண்டும், ஒன்றுக்கு மேல் கோடு விழ வேண்டும்.

இதையெல்லாம் வயலும் அடுப்படியும்தான் சொல்லிக்கொடுத்தன. கதிரை அறுக்கிறோம், மரத்தை வெட்டுகிறோம், பாளையைச் சீவுகிறோம், மூங்கிலைப் பிளக்கிறோம், களையைக் கொத்துகிறோம். கருவியும் கையும் சேர்ந்து செய்யும் ஒவ்வோர் அசைவுக்கும் ஒரு வினை இருக்கிறது. கருவி தவறி உடம்பில் படும்போது அந்த வினையும் கூடவே வந்துவிடுகிறது. அதனால் காயத்தைப் பற்றிய ஒரு சாதாரணத் தமிழ் வாக்கியத்துக்குள் எது பட்டது, எப்படிப் பட்டது, எவ்வளவு ஆழம் போனது, பட்டு எத்தனை நாள் ஆகிறது, யார் செய்தது என்ற செய்திகள் அடங்கிவிடுகின்றன. இவ்வளவும் மருத்துவமனைச் சீட்டிலும் காவல் நிலைய ஆவணத்திலும் நாளிதழிலும் ஏறும்போது ‘காயம்’ என்ற ஒற்றைச் சொல்லாகச் சுருங்குகிறது. அப்படிச் சுருங்கும்போது தொலைவது மொழியின் நயம் மட்டும் என்றால் வருத்தப்பட்டுவிட்டு விட்டுவிடலாம். சில நேரம் நோயாளியின் உயிருக்கு வேண்டிய குறிப்பும் அதோடு போய்விடுகிறது. அதனால்தான் இந்தச் சொற்களை ஒருமுறை வரிசையாக எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முனையுள்ள பொருள்களிலிருந்து தொடங்கலாம். முள் குத்தும், தைக்கும், ஏறும். மூன்றும் வேறு வேறு. ‘குத்திடுச்சு’ என்றால் குத்திவிட்டு வெளியே வந்திருக்கலாம். ‘தைச்சிடுச்சு’ என்றால் பாதத்தில் இறங்கி நிற்கிறது, பிடுங்க வேண்டும். ‘ஏறிடுச்சு’ என்றால் முனை முறிந்து உள்ளே போய்விட்டது; வெளியே பிடிக்க எதுவும் இல்லை, ஊசியால் தோண்டித்தான் எடுக்க வேண்டும். சீமைக் கருவேலங்காட்டில் ஆடு மேய்க்கிறவர் ‘முள்ளு ஏறிடுச்சு’ என்று வந்து நிற்கும்போது அந்த ஒரு வினையே முழு மருத்துவக் குறிப்பு. தகரம் கிழித்த அகலமான காயத்தைவிட, வெளியே ஒரு புள்ளி மட்டும் தெரியும் ஆணிக் குத்தில் ஆபத்து அதிகம். மண்ணில் கிடக்கும் டெட்டனஸ் கிருமி காற்றில்லாத இடத்தில்தான் பெருகும். ரத்தம் ஓடிக் கழுவப்பட்டுக் காற்றாடக் கிடக்கும் வெட்டில் அதற்கு வாய்ப்புக் குறைவு. ஆழமாக இறங்கி வாய்மூடிக்கொண்ட குத்தில் வாய்ப்பு மிகுதி. பெரும்பாலும் 3 முதல் 21 நாளுக்குள் தாடை இறுகி, உடம்பு வில்லாக வளையத் தொடங்கும்.

அந்த நோய்க்குத் தமிழில் ‘ரண ஜன்னி’ என்று பெயர். புண் வழியாக வரும் இழுப்பு என்று காரணத்தையும் விளைவையும் சேர்த்துச் சொல்லும் பெயர் அது. இன்று அது தடுப்பூசி அட்டையிலும் சுகாதார நிலையச் சுவரிலும் கக்குவான் இருமலுக்கும் தொண்டை அடைப்பானுக்கும் பக்கத்தில் அச்சாக மட்டும் இருக்கிறது. பேச்சில் அதன் இடத்தை ‘டி.டி. ஊசி’ எடுத்துக்கொண்டது. ஊசியின் பெயர் மட்டும் தெரிந்தவருக்கு அது எதற்கு என்று தெரிவதில்லை. ‘ரத்தமே வரலையே, ஊசி எதுக்கு?’ என்று ஆணி ஏறிய காலோடு வீட்டுக்குத் திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். ரத்தம் வராத குத்துதான் கவலைக்குரியது என்பதை ‘ரண ஜன்னி’ என்ற பெயரைச் சொல்லி விளக்குவது எளிது.

நாய்க்கடியில் சொல் இன்னும் நேரடியாக உயிரோடு விளையாடுகிறது. ‘கடிக்கல, பிராண்டத்தான் செஞ்சுச்சு’, ‘பல்லு படல, நகம்தான் பட்டுச்சு’ என்று பெற்றோர் ஆறுதலாகச் சொல்வதை எந்த ஊரிலும் கேட்கலாம். தமிழில் கடிக்கும் பிராண்டலுக்கும் உள்ள தூரம் பெரிது. கடி ஆபத்து, பிராண்டல் குறும்பு. உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு அந்தத் தூரத்தை ஏற்பதில்லை. ரத்தம் வராத சிறு பிராண்டலும் சிராய்ப்பும் அதில் இரண்டாம் வகை. உடனே தடுப்பூசி தொடங்க வேண்டும். தோலைத் தாண்டி ரத்தம் வந்த பிராண்டலும், ஏற்கெனவே தோல் பிளந்த இடத்தில் நாய் நக்கியதும் மூன்றாம் வகை; தடுப்பூசியோடு எதிர்ப்புரத மருந்தும் வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். ‘நாய் கடித்தால் ஊசி’ என்று மட்டும் எழுதிய அறிவிப்புப் பலகையைப் படித்துவிட்டு, நம் பிள்ளையை நாய் கடிக்கவில்லையே என்று ஒருவர் நிம்மதியாகப் போய்விட முடியும். பலகையில் ‘கடித்தாலும் பிராண்டினாலும்’ என்று ஒரே ஒரு சொல்லைக் கூட்டி எழுத வேண்டும்.

பாம்பின் விஷயத்தில் பேச்சுக்கு வேறு தயக்கம். இரவில் அதன் பெயரைச் சொல்லமாட்டார்கள். ‘பூச்சி கடிச்சிடுச்சு’ என்பார்கள். ஏட்டு வழக்கில் ‘தீண்டியது’. அவசரப் பிரிவில் இருப்பவர் ஊர்க்காரராக இல்லாவிட்டால் பூச்சியைப் பூச்சி என்றே எடுத்துக்கொள்ளக்கூடும்.

வலிக்கும் இதுபோல் வினைகள் உண்டு. அவற்றில் சில மருத்துவப் பாடநூலில் இருக்க வேண்டியவை. சிராய்ப்பு எரியும். தேளும் கெளுத்தியும் கொட்டிய இடம் கடுக்கும். மீனவர் வழக்கில் கெளுத்தி குத்தும், திருக்கை அடிக்கும். அடித்த இடத்தைப் பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் வைப்பது கடற்கரையில் பழைய வழக்கம். அந்த நஞ்சு வெப்பத்தில் சிதையக்கூடியது என்பதால் இன்றைய மருத்துவமும் அதையே செய்யச் சொல்கிறது. பழைய முட்டுவலி குடையும். ‘விண்ணு விண்ணுன்னு தெறிக்குது, ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை’ என்று ஒருவர் விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தால் உள்ளே சீழ் கோத்துவிட்டது என்று பொருள். நாடித்துடிப்போடு சேர்ந்து துடிக்கும் அந்த வலியும் தூக்கமின்மையும் கீறி விட வேண்டிய நேரத்தின் அடையாளங்கள். காலில் புண் இருக்க, தொடை இடுக்கில் ‘நெறி கட்டியிருக்கு’ என்றால் கிருமி நிணநீர் வழியே மேலேறியிருக்கிறது. இந்தச் சொற்களையெல்லாம் கேட்டு ‘வலி’ என்று மட்டும் எழுதிக்கொள்ளும் மருத்துவர், நோயாளி கையில் கொடுத்த பாதி நோய்க்கணிப்பைக் கீழே போட்டுவிடுகிறார். நான் இதைக் கடுமையாகவே சொல்ல விரும்புகிறேன். தமிழ்நாட்டில் மருத்துவம் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படுகிறது. நோயாளியோ தமிழில் நோகிறார். இடையில் உள்ள பாலம் இந்த வினைகள்தான்.

ரத்தம் வெளியே வராத அடிகளை மொழி மறக்கவில்லை. சுவரில் உரசினால் சிராய்ப்பு, தோல் வழன்றுவிட்டது என்றும் சொல்வார்கள். கதவிடுக்கில் விரல் நசுங்கும், நைந்துபோகும். கல் தடுக்கினால் நகம் பெயரும். இருசக்கர வண்டியின் சைலன்சர் கெண்டைக்காலைச் சுடும்; அது கொப்புளமாகிப் புண்ணாகி, நீள்வட்டத் தழும்பாக நிலைக்கும். தடியால் அடித்த இடம் கன்றிப்போகும், ரத்தம் கட்டிக்கொள்ளும். ‘ரத்தக்கட்டு’ என்றதும் வீட்டில் மூசாம்பரத்தை உரைத்துப் பத்துப் போடுவார்கள். மேலே ஒன்றும் தெரியாமல் உள்ளே சேதம் இருந்தால் ‘ஊமைக்காயம்’. அந்தச் சொல்லை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்புத்தான்: பேச வாயில்லாத காயம், அதனால் நாம்தான் அதற்காகப் பேச வேண்டும். மண்டையில் அடிபட்டுச் சில மணி நேரம் நன்றாகப் பேசிக்கொண்டிருந்துவிட்டுச் சட்டென்று மயங்கி விழுகிறவரின் மூளையுறை ரத்தக்கசிவு இத்தகையதுதான்.

வெட்டுக்கும் கிழிவுக்கும் உள்ள வேறுபாடு நீதிமன்றம் வரை போகிறது. தடய மருத்துவத்தில் நீளம் மிகுந்தது வெட்டு, ஆழம் மிகுந்தது குத்து. மழுங்கிய பொருள் பட்டுப் பிளந்தது கிழிவு. ஆனால் தலை, புருவம், முன்கால் போன்ற எலும்புமேல் தோல் இறுக்கமாகப் படிந்த இடங்களில் கட்டை பட்டாலும் கத்தி பட்டதுபோல நேர்கோடாகப் பிளக்கும். உருப்பெருக்கியில் பார்த்தால்தான் விளிம்பு நசுங்கியிருப்பதும், முடிவேர் சிதைந்திருப்பதும், பிளவின் இரு கரைகளுக்கிடையே திசு இழைகள் பாலம்போல் நிற்பதும் தெரியும். ‘அரிவாளால் வெட்டினான்’ என்ற புகாரும் ‘கம்பால் அடித்தான்’ என்ற மறுப்பும் மோதும் வழக்கில் இந்த இழைகள் ஒருவர் சிறையில் இருக்கும் காலத்தையே மாற்றிவிடும்.

சட்டம் காயத்தை அளக்கும் முறை வேறு. 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் 319-ஆம் பிரிவில் காயத்தையும் 320-ஆம் பிரிவில் கொடுங்காயத்தையும் வரையறுத்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் அவை 114, 116 ஆகிய பிரிவுகள். கண்ணோ காதோ நிரந்தரமாகப் போவது, மூட்டோ உறுப்போ பயனிழப்பது, முகம் நிலையாகச் சிதைவது, எலும்போ பல்லோ முறிவது எனக் கொடுங்காயத்துக்கு எட்டு வகை. எட்டாவது வகையில் காலக்கணக்கும் உண்டு: பழைய சட்டத்தில் 20 நாள் கடும் வலியோ, அன்றாட வேலை செய்ய இயலாமையோ இருந்தால் கொடுங்காயம், புதிய சட்டத்தில் அது 15 நாள். ரத்தம் எவ்வளவு போனது என்பது இந்தப் பட்டியலில் எங்கும் இல்லை. மண்டை உடைந்து சட்டை நனைய ரத்தம் கொட்டியவர் ‘சாதாரணக் காயம்’ என்று எழுதப்பட்டதைக் கண்டு கொதிப்பதும், முன்பல் ஒன்று போனவரின் வழக்கு பெரிதாக நிற்பதும் இதனால்தான். நாளிதழ்களின் ‘படுகாயம்’, ‘பலத்த காயம்’, ‘லேசான காயம்’ ஆகியவை இந்த அளவுகோல் எதிலும் அடங்காதவை. ‘சரமாரியாக வெட்டினர்’ என்ற தொடர் அம்பு மழைக்கு வந்த உவமை; எத்தனை வெட்டு, எங்கே, தற்காத்துக்கொள்ளக் கையைத் தூக்கியதில் உள்ளங்கையில் விழுந்தது எத்தனை என்ற செய்தியை அது மூடிவிடுகிறது. செய்தியாளர்கள் அந்தத் தொடரைக் கைவிட்டால் நல்லது.

தமிழ் இலக்கணம் காயத்துக்குக் காரணமானவரைக் காட்டவும் மறைக்கவும் வழி வைத்திருக்கிறது. ‘வெட்டினான்’ என்றால் ஆள் உண்டு. ‘வெட்டிக்கொண்டேன்’ என்றால் ஆள் நானே. ‘கத்தி வெட்டிவிட்டது’ என்றால் பழி கருவிக்கு. ‘வெட்டுப்பட்டது’ என்றால் யாரும் இல்லை. படு என்ற துணைவினை சேர்ந்த அடிபட்டது, காயம்பட்டது, வெட்டுப்பட்டது எல்லாமே செய்தவரை வாக்கியத்துக்கு வெளியே நிறுத்துகின்றன. விபத்துக்கு இது பொருத்தமான வாக்கியம். வீட்டுக்குள் அடிவாங்கிய பெண் மருத்துவமனைக்கு வரும்போது இதே வாக்கியம் சுவராகிவிடுகிறது. ‘எப்படிம்மா அடிபட்டுச்சு?’ என்று கேட்டால், கேள்வியிலேயே ஆள் இல்லை. பதிலிலும் இருக்கமாட்டார். ‘வழுக்கி விழுந்துட்டேன்.’ கூட நிற்கும் கணவரோ மாமியாரோ அந்தப் பதிலுக்காகத்தான் காத்திருக்கிறார்கள். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் வந்தது 2005-இல். அந்தச் சட்டம் பயன்பட, கூட வந்தவர்களை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, ‘யாராவது அடிச்சாங்களா?’ என்று எழுவாய் வைத்துக் கேட்க வேண்டும். முன்கையின் வெளிப்புறம் கன்றியிருப்பது, ஒரே உடம்பில் சிவப்பு, நீலம், மஞ்சள் எனப் பல நாள் கன்றல்கள் சேர்ந்திருப்பது, முதுகில் சூடு இருப்பது எல்லாம் வழுக்கி விழுந்ததற்குப் பொருந்தாதவை. ‘சுட்டுக்கிட்டேன்’ என்பதற்கும் ‘சூடு போட்டாங்க’ என்பதற்கும் நடுவே ஒரு பெண்ணோ குழந்தையோ எவ்வளவு காலம் வாய்திறக்காமல் இருந்திருப்பார் என்பதைத் தீக்காயப் பிரிவுகளில் பணிசெய்யும் செவிலியர்கள் அறிவார்கள்.

அடுத்தது காலம். தமிழில் காயமும் புண்ணும் ஒன்றாக வழங்கினாலும் காது கூர்மையானவர்கள் பிரித்தே சொல்கிறார்கள். காயம் என்பது பட்ட நிகழ்ச்சி. புண் என்பது பட்ட பிறகு உடம்பில் குடியிருப்பது. காயம் படுகிறது. புண் வருகிறது, ஆகிறது, பழுக்கிறது, அழுகுகிறது, புரையோடுகிறது, காய்கிறது, ஆறுகிறது. மேலே பக்குக் கட்டுகிறது. சில ஊர்களில் பொருக்கு. ஆறின பிறகு தழும்பு, இலக்கியத்தில் வடு. காயம் ஆறிற்று என்று சொன்னாலும் ஆறுதல் புண்ணுக்கே உரியது. கோபமும் காபியும்கூட ஆறுகின்றன என்பதிலிருந்து, புண்ணைத் தமிழர் ஒரு சூடாகவே உணர்ந்தார்கள் என்று கொள்ளலாம்.

வயதிலும் புண்தான் மூத்தது. கன்னடத்தில் ஹுண்ணு, தெலுங்கில் புண்டு, மலையாளத்தில் புண்ணு என்று உறவுச் சொற்கள் இருக்கின்றன. சங்கப் பாடல்களில் உடம்பில் பட்டதைக் குறிக்கும் சொற்கள் புண்ணும் வடுவும் தழும்பும். காயம் பின்னால் பரவிய சொல், தெலுங்கிலும் கன்னடத்திலும் முதலெழுத்தை ஓசை தடித்து ஒலிக்க வழங்குவது. (மலையாளத்தில் காயத்துக்கு முறிவு என்பார்கள், தமிழர் காதுக்கு எலும்பு போனதாகப் படும்.) அந்தப் பழைய புண் வெறும் உடற்செய்தி இல்லை. மார்பில் பட்டால் விழுப்புண், விழுமிய புண். முதுகில் பட்டால் புறப்புண், அவமானம். வெண்ணிப் போரில் கரிகாலனோடு மோதி முதுகிலும் வேல் பாய்ந்ததால் நாணி, வடக்கிருந்து உயிர்விட்ட சேரனைப் புறநானூற்றின் 65, 66-ஆம் பாட்டுகள் பாடுகின்றன. விழுப்புண் படாத நாளை வீணான நாளாக எண்ணும் வீரனைத் திருக்குறள் படைச்செருக்கு அதிகாரத்தில் காட்டுகிறது. ஒட்டக்கூத்தரின் உலாவில் சோழ முன்னோர் ஒருவர் 96 புண்களை அணிகலனாகச் சுமந்தவர். அவர் விசயாலயன் என்பது உரை மரபு. நற்றிணையில் வரும் ஊணூர்த் தலைவன் தழும்பனுக்குப் பெயரே பிடியானை மிதித்து வழுதுணங்காய் வடிவில் நின்ற தழும்பினால் வந்தது. போரில் ரத்தம் சிந்தியவர் குடும்பத்துக்கு விட்ட நிலத்தைக் கல்வெட்டுகள் நெய்த்தோர்பட்டி, உதிரப்பட்டி என்கின்றன. நெய்த்தோர் என்பது ரத்தத்துக்குப் பழைய பெயர்.

இந்தப் பெருமிதத்தைவிட என்னை அதிகம் ஈர்ப்பது அதே பாடல்களில் இருக்கும் மருத்துவம். புறநானூற்று 281-ஆம் பாட்டில் அரிசில்கிழார் புண்பட்டவன் வீட்டைக் காட்டுகிறார்: இரவமரத் தழையும் வேப்பிலையும் செருகிய வீடு, மையிழுது, சிதறும் வெண்சிறுகடுகு, ஊதும் ஆம்பற்குழல், காஞ்சிப்பண், நறும்புகை. வேம்பும் புகையும் கிருமிக்கு, இசை வலிக்கு என்று இன்று விளக்கத் தோன்றும். அவர்களுக்கு அது பேயிடமிருந்து புண்ணைக் காப்பது. தொல்காப்பியம் அதற்குத் தொடாக்காஞ்சி என்று துறையே வகுத்திருக்கிறது. பதிற்றுப்பத்தின் 42-ஆம் பாட்டில் பரணர், குளத்தில் மூழ்கி மேலெழும் மீன்கொத்தியைப் போல வெள்ளூசி மார்பின் பிளவில் புகுந்து வெளிவருவதைச் சொல்கிறார். ரத்தத்தில் முழுகி எழும் ஊசி! தையல் போடும் இடத்தில் நின்று பார்த்தவருக்கல்லாமல் அந்தக் காட்சி கிடைத்திராது. நெடுநல்வாடையில் அரசன் நள்ளிரவில் பாசறைக்குள் புண்பட்டோரைப் பார்த்து நடக்கிறான். தமிழ்ப் போர்க்கவிதையில் வெட்டியவனுக்குக் கிடைக்கும் அடிகளுக்குக் குறையாமல் வெட்டுப்பட்டவனின் படுக்கைக்கும் கிடைத்திருக்கிறது.

திருக்குறளில் இன்னொரு நுட்பம். தீ சுட்டதைப் புண் என்றும் நாக்குச் சுட்டதை வடு என்றும் 129-ஆம் குறள் பிரிக்கிறது. முன்னது ஆறிவிடும், பின்னது ஆறாமல் கிடக்கும், அதனால்தான் இரு சொல் என்று பரிமேலழகர் காரணம் காட்டுகிறார். புலால் மறுத்தலில், இறைச்சி என்பது இன்னோர் உயிரின் புண் என்கிறார் வள்ளுவர். உணவுத்தட்டில் இருப்பதை அந்தச் சொல்லால் அழைத்துவிட்ட பிறகு வேறு வாதம் தேவைப்படவில்லை.

விழுப்புண் நம் காலத்தில் மீண்டும் உயிர்பெற்றது ஈழத்தில். போராளிகளின் அறிவிப்புகளில் ‘வீரச்சாவு’க்குப் பக்கத்தில் ‘விழுப்புண்’ நின்றது. மக்கள் வழக்கு வேறாக இருந்தது: காயப்பட்டவர்களைக் ‘காயக்காரர்’ என்றார்கள், துப்பாக்கி ரவையைச் ‘சன்னம்’ என்றார்கள், புண்ணுக்கு ‘மருந்து கட்டினார்கள்’. எறிகணைத் துண்டுக்குப் ‘பீஸ்’. ‘உடம்புக்குள்ள பீஸ் இருக்கு’ என்று சொல்லும் மனிதர்கள் வன்னியில் இன்றும் நடமாடுகிறார்கள். ஆறிய தழும்புக்கு உள்ளே ஆறாத உலோகம். அதற்கு எந்த அகராதியிலும் தலைச்சொல் இல்லை. அதே தீவில், 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். 1867-இல் அவர் வெளியிட்ட அறுவை மருத்துவ நூலுக்கு ‘இரணவைத்தியம்’ என்று பெயர். நம்மிடம் சொல் இல்லை என்று சொல்கிறவர்களுக்கு அந்த நூல் ஒன்றே போதும்.

வடு என்ற சொல்லை இன்னொரு திசையில் கொண்டுபோனவர் கே.ஏ. குணசேகரன். 2005-இல் வந்த அவருடைய தன்வரலாற்றின் தலைப்பு ‘வடு’. சாதி இட்ட அடையாளத்துக்குப் புண் என்ற பெயர் போதாது என்பது அந்தத் தலைப்பிலேயே தெரிகிறது. மறுபுறம், பள்ளி மாற்றுச் சான்றிதழில் ‘அங்க அடையாளங்கள்’ என்ற கட்டத்தில் ‘வலது முழங்காலில் ஒரு தழும்பு’ என்று எழுதப்படுகிறது. சிறுவயதில் விழுந்ததே ஒருவருடைய அரசு அடையாளமாகிறது. மூத்தவர்கள் தோளில் அம்மை குத்தின தழும்பு உண்டு. பெரியம்மை ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் 1980-இல் அறிவித்தது. அந்த நோயின் கொப்புளத்தைப் புண் என்று யாரும் சொன்னதில்லை. அது ‘முத்து’. முத்துப் போட்டிருக்கிறது, முத்து இறங்கிவிட்டது. அம்மனின் கொடையைப் புண் என்று சொல்ல நா எழவில்லை. சின்னம்மைக்கு இன்றும் அதே வழக்கு. காது குத்துவதும் பச்சை குத்துவதும் காயப் பட்டியலில் சேராதவை. அங்கே குத்துதல் மங்கல வினை.

மருத்துவத்தின் சொற்களும் காயத்தின் சொற்களும் பெரும்பாலும் ஒன்றே. முள் தைக்கிறது, மருத்துவர் தைக்கிறார். ஆணி கீறுகிறது, கட்டியைக் கீறி விடுகிறோம். சித்த மருத்துவத்தின் 32 புறமருத்துவ முறைகளில் கீறலும் உண்டு, அறுவையும் உண்டு, சூடு வைக்கும் சுட்டிகையும் உண்டு, கட்டும் பற்றும் சீலையும் உண்டு. அதே மரபில் ஊமத்தை இலைச்சாறும் மயில்துத்தமும் சேர்ந்த மத்தன் தைலம் புண்ணுக்குப் பெயர்பெற்றது. வரப்பில் மஞ்சள் மையத்தோடு பூக்கும் செடிக்கு வெட்டுக்காயப்பூண்டு என்றே பெயர்; அரிவாள் பட்டதும் இலையைக் கசக்கிச் சாற்றைப் பிழிவார்கள். காபித்தூளும் அடுப்புச் சாம்பலும் சாணமும் அப்புவது வேறு. அவை ரத்தத்தை நிறுத்துவதுபோல் தோன்றினாலும் கிருமியை உள்ளே வைத்துப் பூட்டுகின்றன. சுத்தமான துணியால் அழுத்திப் பிடிப்பதும் தண்ணீரில் கழுவுவதும் போதும்.

பேச்சில் இந்தச் சொற்கள் உடம்பைத் தாண்டிப் போனதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். குத்திக்காட்டுகிறோம், உள்குத்து வைக்கிறோம், ஒரு சொல் சுருக்கென்று தைக்கிறது. வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுகிறார்கள். பட்ட காலிலே படுகிறது. ஊழல் புரையோடிப்போனது என்று தலையங்கம் எழுதுகிறவர்களில் பலருக்கு, புரை என்பது புண்ணுக்குள் சீழ் குடைந்து போன துளை என்பது நினைவிருக்காது. மேல்வாய் மூடி ஆறினதுபோல் தெரியும். உள்ளே வழி நீண்டுகொண்டே போகும். ஊழலுக்கு அது மிகச் சரியான சொல்தான்.

இன்றைய தமிழ்நாட்டில் புண் என்ற சொல் மிகுதியாக ஒலிக்கும் இடம் நீரிழிவு மருத்துவமனை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடளாவிய ஆய்வு 2023-இல் வெளியானபோது இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணித்தது. ‘சர்க்கரைப் புண்’, ‘ஆறாத புண்’ என்று மக்கள் அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள். சிக்கல் அங்கே வேறு. இதுவரை பார்த்த வினைகள் எல்லாம் உணர்வை நம்பியவை: குத்தியது தெரியும், சுட்டது தெரியும், கடுப்பது தெரியும். நரம்பு மரத்துப்போன காலில் எதுவும் தெரியாது. வெயிலில் வெறுங்காலோடு கோயில் சுற்றியது சுடவில்லை. செருப்பில் சிக்கிய கல் உறுத்தவில்லை. ஆணி ஏறியது மூன்று நாள் கழித்துக் காலுறையில் கறை கண்டு தெரிகிறது. அப்போதும் ‘சின்னப் புண்ணுதான், வலிகூட இல்லை’ என்பார்கள். வலி இல்லை என்பதை நல்ல செய்தியாகக் கேட்டே பழகிய மொழி நம்முடையது. பிறகு ‘விரலை எடுத்துட்டாங்க’ என்ற வாக்கியம் வருகிறது. வெட்டினார்கள் என்று சொல்லமாட்டார்கள், எடுத்தார்கள்.

அதனால் இந்த நோயாளியிடம் ‘வலிக்குதா?’ என்று கேட்பதில் பயனில்லை. அனுபவமுள்ள மருத்துவர்கள் வேறு கேள்வி வைத்திருக்கிறார்கள்: ‘நடக்கும்போது செருப்பு கழன்று விழுந்தால் உங்களுக்குத் தெரியுதா?’ தெரியவில்லை என்று பதில் வந்தால், நோயாளியின் இரண்டு பாதங்களையும் தூக்கி, விரலிடுக்கு உட்பட, அங்கேயே பார்த்துவிட வேண்டும். வீட்டிலும் தினமும் இரவில் கண்ணாடி வைத்துப் பாதத்தைப் பார்க்கச் சொல்ல வேண்டும். கைப்புண்ணுக்குத்தான் கண்ணாடி வேண்டாம் என்றார்கள், உள்ளங்காலுக்கு வேண்டும்.